ரப்பர் தோட்டத்து ஊரில் இதயம் காக்கும் வேலை

எங்கள் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். வெட்டி முடித்து, சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஷீட்டும் அடித்துவிட்டு வீடு வந்து சேர பதினொன்று, பதினொன்றரை ஆகும். அண்டி ஆபீசுக்கு முந்திரிப் பருப்பு உடைக்கப் போகிற பெண்கள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை சுற்றுவட்டாரத்தில் பல ஊர்கள் இப்படித்தான். இந்த ஊர்களில் காலை பத்து மணிக்கு பிரஷர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால் யாரைப் பார்க்க முடியும்? முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களை மட்டும்தான். நாற்பது, ஐம்பது வயதில் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர்கள் நம் நோட்டில் ஏறவே மாட்டார்கள்.

நான் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவள். தமிழ்நாடு முழுவதற்குமான இந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீடு தேடிப் போய் பிரஷரும் சுகரும் பார்ப்பது, ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்களுக்கு மாத்திரையைக் கையில் கொண்டு கொடுப்பது, மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்ப்பது, இவைதான் எங்கள் வேலை. நான் நர்ஸ் இல்லை. பயிற்சியில் சொல்லித் தந்ததும், வீட்டுத் திண்ணைகளில் கற்றுக்கொண்டதும்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் இதய நோயைத் தடுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற வாசகசாலை இளைஞர்கள், சபைக்காரர்கள், கோவில் கமிட்டிக்காரர்கள் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்த முதல் விஷயம், ஊருக்கு அறிவுரையில் பஞ்சமே இல்லை என்பது. உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, நட, பீடியை விடு என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது. போனைத் திறந்தால் அதுவே வருகிறது. அவர்களுடைய நேரத்துக்குப் போய், அவர்களுடைய சமையலை அறிந்து பேசி, அடுத்த மாதமும் அதே வீட்டு வாசலில் போய் நிற்கிற ஆள்தான் இல்லை.

அதனால் நேரத்தை மாற்றினோம். வெட்டுக்காரர்களை மதியம் ரப்பர் கடையில் பிடிப்போம். ஷீட்டை எடை போட்டுக் காசு வாங்கக் காத்திருக்கிற நேரத்தில் பெஞ்சில் சும்மாதான் இருப்பார்கள். அண்டி ஆபீஸ் பெண்களைச் சாயங்காலம் குழுக் கூட்டத்தில் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் ஒரு மேசை போடுவோம். ஆண்கள் சாயா குடிக்க வருகிற சந்திப்பிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். கடைக்காரரே “பிரஷர் பாக்குற பிள்ளை வந்தாச்சு, கையை நீட்டுங்க” என்று ஆள் சேர்த்துத் தருவார். வருடத்துக்கு ஒருமுறை பந்தல் போட்டு நடத்தும் பெரிய முகாமை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முகாமில் 160 என்று எழுதிக் கொடுத்த சீட்டு அடுத்த வாரம் எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்தச் சீட்டினால் பயனில்லை.

பிரஷர் பார்ப்பதிலேயே நிறைய இருக்கிறது. மேட்டில் ஏறி வந்த ஆளை உடனே உட்காரவைத்து கையில் பட்டையைக் கட்டினால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில் கட்ட வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். சாயா குடித்தும், பீடி இழுத்தும் அரை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருந்தாலும் அளவு ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினாலும் ஏறும். இரண்டு முறை பார்த்து எழுதுவது நல்லது. ஒரே ஒரு நாள் 150 காட்டியதை வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. வேறு நாளும் பார்த்து, 140/90 அல்லது அதற்கு மேலேயே நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். 180-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலி, வாய் கோணல் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே, அப்போதே ஆஸ்பத்திரி.

கல்ஃபில் இருக்கும் மகன் வாங்கி வந்த பிரஷர் மிஷின் எங்கள் ஊரில் பல வீட்டு அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது. எப்படிப் பார்ப்பது என்று தெரியாததால் வெளியே எடுப்பதில்லை. அதை எடுத்து, பேட்டரி போட்டு, மேலே சொன்னபடி பார்க்கக் கற்றுக்கொடுத்து, காலண்டரிலேயே எழுதச் சொல்கிறேன். அந்த மகனையும் விடுவதில்லை. தினமும் வீடியோ காலில் வருகிற பிள்ளை, “சாப்பிட்டியாம்மா?” என்பதோடு “மாத்திரை போட்டியாம்மா?” என்றும் கேட்டுவிட்டால் நான் பத்து முறை சொல்வதை விடப் பலன் அதிகம்.

அப்புறம் மாத்திரை. இதுதான் என் வேலையின் பெரும்பகுதி. பிரஷர் இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். கண்டுபிடித்த ஆளை மூன்று மாதம் கழித்தும் மாத்திரையில் வைத்திருப்பதுதான் கஷ்டம். வலிக்காத நோய் இது. ஒரு பெரியம்மா சொன்னது இப்போதும் நினைவில் இருக்கிறது: “எனக்கு ஒரு தீனமும் இல்லை மக்ளே. நல்லாத்தானே இருக்கேன். சும்மா எதுக்கு மாத்திரையைத் தின்னணும்?” அவர்களுக்கு அன்றைக்கு 170-க்கு மேல் இருந்தது.

நிறுத்துவதற்கு ஒவ்வொருவரும் சொல்லும் காரணத்தைக் காதுகொடுத்துக் கேட்டால் சில காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னதால் நிறுத்துகிறார்கள். கால் வீங்கியதால் நிறுத்துகிறார்கள். ஒரு தடவை தொடங்கினால் சாகிற வரைக்கும் எடுக்க வேண்டும் என்ற பயத்தில் தொடங்கவே மறுக்கிறார்கள்.

நார்மல் ஆகிவிட்டது என்கிறவர்களிடம் நான் மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் கட்டுகிற பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்பேன். பட்டை நனையவில்லை என்று பார்த்ததும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுவீர்களா, அது இருப்பதால்தானே நனையவில்லை? வெட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கிட்னி பயத்துக்கு நேரான பதில்: கிட்னியைக் கெடுப்பது அடங்காத பிரஷரும் அடங்காத சுகரும்தான். அதைத் தடுக்கவே மாத்திரை. கால் வீக்கம் என்பது பொய்யான புகார் இல்லை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை எடுக்கும் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். அதை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரை தருவார். “நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்” என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்துவதில்லை. நாட்டு மருந்து எடுப்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்வேன். பிரஷர் மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்பேன்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எங்கள் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும், வடகிழக்கும் கிடைக்கும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. பஸ் காசுக்கு யோசிக்கிற வாரங்களில் கடையில் மருந்து வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் நிறுத்துவார்கள். வேலை இல்லாத பகல்களில் குடியும் கூடும். அதனால் மழை தொடங்கும் முன்பே, கடையில் வாங்குகிறவர்களை அரசு மருந்துக்கு மாற்ற முயல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் அதே மருந்துதான் என்பதை அவர்கள் நம்புவதற்கே நாலைந்து முறை பேச வேண்டியிருக்கிறது. டாக்டர் வாயால் ஒருமுறை சொல்லவைத்தால் விரைவில் நம்புகிறார்கள்.

சாப்பாட்டுப் பேச்சுக்கு வருகிறேன். இங்கேதான் வெளியூரில் அச்சிட்ட நோட்டீசுகள் எங்களுக்குப் பொருந்துவதில்லை. ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் எங்கள் அடுக்களைக்குள் வரப்போவதில்லை. எங்கள் அடுக்களையில் இருப்பது சம்பா அரிசி, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், சாளை, அயிலை, நெத்திலி, பயறு, சக்கை (பலா), முருங்கைக்கீரை, கருவாடு. இவற்றில் பாதிக்கு மேல் நல்ல உணவு. அதை முதலில் சொல்ல வேண்டும். சாளையும் அயிலையும் இதயத்துக்கு நல்ல கொழுப்புள்ள மீன்கள், அதுவும் விலை குறைந்தவை. குழம்பாக வைத்தால் மிக நல்லது. நிறைய எண்ணெயில் முறுகப் பொரித்தால் அந்த நன்மையில் பாதி போய்விடுகிறது. கஞ்சியும் பயறும் பழைய ஆட்கள் சாப்பிட்டது, இன்றைக்கும் அதைவிட நல்ல காலைச் சாப்பாடு அதிகம் இல்லை. கூட வைத்துக்கொள்ளும் உப்பிலிட்ட மாங்காயையும் சுட்ட பப்படத்தையும் கருவாட்டையும்தான் கவனிக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றும் வேண்டாம், ஏதாவது ஒன்று, அதுவும் கொஞ்சம் என்று பேசி முடிப்பேன். கருவாட்டைச் சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவினால் உப்பு ஓரளவு இறங்கும். குழம்பில் அதற்கு மேல் உப்பு போட வேண்டாம்.

உப்பை “குறையுங்கள்” என்று சொன்னால் எல்லா வீட்டிலும் “நாங்க கம்மியாத்தான் போடுவோம்” என்ற பதில்தான் வரும். அதனால் கணக்காகச் சொல்லத் தொடங்கினேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதுங்கள், தீரும் நாளைப் பாருங்கள், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் தீர்ந்தால் அந்த வீட்டுப் பெண்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஊறுகாயிலும் கருவாட்டிலும் கடைப் பலகாரத்திலும் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வராது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். எண்ணெய்க்கும் இப்படித்தான்: ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்கட்டும், எல்லா எண்ணெயும் சேர்த்து.

தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊரில் இதயத்தைப் பற்றிப் பேச முடியாது. போனில் வருகிற வீடியோக்களில் ஒன்று அதை விஷம் என்கிறது, இன்னொன்று சகல நோய்க்கும் மருந்து என்கிறது. அதில் இருக்கும் கொழுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை அது. கூடவே தேங்காய் எண்ணெயைக் கைவிடச் சொன்னால் நம் ஊர்ப் பெண்கள் நான் சொல்லும் மற்ற எதையும் கேட்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே நான் சொல்வது: துவரனுக்கு (தேங்காய் போட்ட பொரியல்) தாளிக்க ஒரு ஸ்பூன், அவியலில் கடைசியில் ஊற்றுகிற கொஞ்சம், அது இருக்கட்டும். பொரிப்பதற்கு வாரம் ஒரு நாள் போதும். ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடாக்க வேண்டாம். மீன் குழம்புக்கு முழு மூடித் தேங்காய் அரைக்கிற இடத்தில் அரை மூடி போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் வீட்டில் வேறு எண்ணெய்க்கு மாறுவது நல்லது. அதை டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

மரச்சீனிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அது மாவுச்சத்து. கிழங்கு சாப்பிடும் நேரத்தில் சோறு வேண்டாம், சோறு சாப்பிட்டால் கிழங்கு வேண்டாம். சுகர் உள்ளவர்கள் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டிக்கொள்ளலாம். கருப்பட்டி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கருப்பட்டிக் காப்பி சுகரைக் கூட்டாது என்று உறுதியாக நம்பி நாலு டம்ளர் குடிக்கிற பாட்டாமார் எங்கள் ஊரில் உண்டு. அதுவும் சர்க்கரைதான், சுகரைக் கூட்டத்தான் செய்யும். அண்டி ஆபீசிலும் தோட்டத்திலும் ஒரு நாளில் நாலு சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் அதுவே எட்டு ஸ்பூன் ஆகிறது. ஆறு ஸ்பூனுக்குள் இருந்தால்தான் நல்லது. இரண்டு ஸ்பூனை ஒன்றாக்கி ஒரு மாதம் பழகச் சொல்வேன், அப்புறம் அரை. சாயாவோடு வருகிற கடி, அதாவது வடையும் பழபஜ்ஜியும், தினமும் வேண்டாம் என்பதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும். காலை மூன்று மணிக்கு எழுந்து வேலை செய்த ஆளுக்கு அது பசிக்குச் சாப்பிடுவது. கையில் கொஞ்சம் அவித்த பயறோ, வறுத்த கடலையோ, ஒரு மட்டிப்பழமோ கொடுத்தனுப்பும் வீட்டில் அந்த வடை தானாகக் குறைகிறது.

பயிற்சியில் ஒரு டாக்டர் பின்லாந்து நாட்டு வட கரேலியாவைப் பற்றிச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். பாலும் வெண்ணெயும் காட்டு வேலையுமாக வாழ்ந்த கிராமத்து மக்கள் அவர்கள். அந்தக் காலத்தில் மாரடைப்பால் ஆண்கள் சாவது உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அது ஒன்று. மக்களே அரசாங்கத்திடம் முறையிட்ட பிறகு, 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் உட்காரவில்லை. ஊர்ப் பெண்கள் சங்கங்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த ஊர்ச் சாப்பாட்டையே உப்பும் வெண்ணெயும் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். சில பத்தாண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களிடையே இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நம்பிக்கை கூடியது. எங்கள் குழுக் கூட்டத்திலும் அரை மூடித் தேங்காயில் சாளைக் குழம்பு வைத்து, கிழங்கோடு எல்லாருக்கும் பரிமாறினோம். சாப்பிட்ட பிறகுதான் தேங்காய் அளவைச் சொன்னோம். ஒரு மைனி, “நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது பிள்ளே” என்றார்கள்.

பீடி, புகையிலைப் பழக்கத்துக்கு நான் கண்ட நல்ல வாசல் விரதக் காலம். மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு கோவில்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் “கோவிந்தா கோபாலா” என்று ஓடுவார்கள். விரத நாட்களில் பீடியும் குடியும் கிடையாது. அதேபோல் தவக்காலத்தில் நாற்பது நாள் எதையாவது ஒறுத்திருப்பது கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். “இத்தனை நாள் இல்லாமல் இருந்தாயிற்று, உடம்பு பழகிவிட்டது, இன்னும் ஒரு மாதம் பாருங்கள்” என்று அந்த நேரத்தில் சொன்னால் காதில் விழுகிறது. புகைப்பதை விட்ட ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறைகிறது என்பதையும் சொல்வேன். விட்டுவிட்டு மறுபடி தொடங்கியவர்களைத் திட்டாதீர்கள். அடுத்த முறை விடுகிறவர்களும் அவர்கள்தான். இன்னொன்று: ஓட்டம் போகிற நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே பிரஷரும் சுகரும் பார்த்து, ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொள்ள வேண்டும். வருடம் முழுக்க ஓடாத உடம்பு அது. ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் மாத்திரை நேரத்தை மாற்றுவதற்கு முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், குறிப்பாகச் சுகர் மருந்து எடுப்பவர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பாட்டிமாரும் இந்தக் கணக்கில் உண்டு. வாயில் அடக்கினாலும் அது புகையிலைதான்.

நடைப்பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடியுமுன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்த ஆளிடம் “நடங்கள்” என்று சொன்னால் கோபம்தான் வரும். அவருக்கு வேண்டியது தூக்கம். உட்கார்ந்தே வேலை செய்யும் பெண்களுக்கும், கடைக்காரர்களுக்கும், வெட்டை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும்தான் நடை வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில். தனியாக நடக்கக் கூச்சப்படுகிற பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் கால்வாய்க் கரையில் தினமும் நடக்கிறார்கள்.

பெண்களைப் பற்றி மனம் நொந்தே சொல்கிறேன். கணவரின் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பவர்கள், தங்கள் மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆனதை நான் கேட்டால்தான் சொல்வார்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடுவார்கள். மாரடைப்பு என்றால் ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் வீட்டில் எல்லாருக்கும் இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெண்ணின் கையில்தான் முதலில் பட்டையைக் கட்டுவது என்று நான் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

இனி எல்லாவற்றையும் விட அவசரமானது. எங்கள் ஊரில் உயிர் போன பல வீடுகளில் நான் கேட்டது ஒரே கதை. ராத்திரி நெஞ்சு அடைத்தது, கேஸ் என்று நினைத்து இஞ்சி தட்டிக் குடித்தார், சோடா குடித்தார், மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டார், விடியட்டும் என்று படுத்தார். இதய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியும், குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைத்தால் பலன் மிக அதிகம். நேரம் போகப் போகக் குறைந்துவிடும். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், இவை சில நிமிடங்களுக்கு மேல் நின்றால் கேஸா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலை நம்முடையது இல்லை. ஈசிஜி சொல்லட்டும். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மேல்வயிற்று வலியும் மட்டும் வரலாம். வெறும் கேஸ் என்று தெரிந்து திரும்பி வந்தால் யாரும் கேலி செய்யக் கூடாது என்று நான் கூட்டங்களில் சொல்வேன். அந்தக் கேலிக்குப் பயந்தே சிலர் போகாமல் இருக்கிறார்கள்.

ஆளை நடக்கவிடக் கூடாது. பைக்கின் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகள் தோட்டத்துக்குள், மேட்டின் மேல் தனித்தனியாக இருக்கும். ஆம்புலன்ஸ் வந்தும் வீடு தெரியாமல் சுற்றும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் வீடு இருக்கும் இடத்தின் அடையாளத்தை எழுதி ஒட்டவைத்தோம்: எந்தச் சந்திப்பு, எந்தக் குருசடி (சிலுவை வைத்த சிறு ஆலயம்) அல்லது கோவில், அங்கிருந்து எந்தப் பக்கம், வண்டி எதுவரை வரும். பதற்றத்தில் இருப்பவர் அதை அப்படியே வாசித்தால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் டார்ச்சோடு ரோட்டில் போய் நிற்க வேண்டும். ஆள் மயங்கி, மூச்சும் சரியாக இல்லாவிட்டால் 108 வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாசகசாலைப் பையன்களுக்கு இதைப் பொம்மையில் பழக்கினோம். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எங்கே போவது என்பதிலும் நேரம் போகிறது. “நேரா திருவனந்தபுரம் போயிரலாம்” என்பார்கள் சொந்தக்காரர்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் பக்கத்தில் ஈசிஜி எடுக்கிற இடம், அப்புறம் அவர்கள் அனுப்புகிற இடம். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்து 14 மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். அந்த மாத்திரைகள் உள்ளே போன பிறகு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி வரையிலான பயணத்தில் ஆபத்து குறைகிறது. வீட்டில் நாமாக எடுத்துக் கொடுக்கும் மருந்து இல்லை அது. பக்கவாதமோ ரத்தக்கசிவோ இருந்தால் ஆஸ்பிரின் கேடு செய்யும். போகும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைக் கவர், பழைய ஈசிஜி, காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பிழைத்து, அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து வீடு வந்தவர்களை ஊர் ஒரு வாரம் போய்ப் பார்க்கும், அப்புறம் மறந்துவிடும். உண்மையில் அவர்களுக்குத்தான் அதற்குப் பிறகு ஆள் தேவை. அடைப்பை எடுத்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைச் சில மாதத்தில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். எந்த மாத்திரை எத்தனை மாதம் என்பதை டாக்டர் மட்டும்தான் மாற்ற வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் அங்கே இதைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். என் பட்டியலில் ஸ்டென்ட் வைத்தவர்கள் வீடுகளுக்கு மாதத்தின் முதல் வாரத்திலேயே போய்விடுவேன். மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி, எத்தனை பாக்கி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் பிரஷர் மிஷினைப் பையிலிருந்து எடுப்பேன்.